சில்லறை வணிகம் படித்துக் கடை மேலாளர் ஆவது எப்படி: டர்பன் வட்டாரத்துக்கான வழிகாட்டி

சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடித்த பிள்ளை "கடையில் வேலைக்குச் சேரப் போகிறேன்" என்றால், "வேறு வேலை கிடைக்கிற வரைக்கும்தானே?" என்று வீட்டில் கேட்பார்கள். அந்தக் கேள்வியால் பல பேர் இந்தத் துறையை முறையாகப் படிக்காமலே பத்து வருஷம் கல்லாவில் உட்கார்ந்துவிடுகிறார்கள். சில்லறை வணிகம் முழுநேரத் தொழில். அதற்குப் படிப்பும் உண்டு, படிக்கட்டும் உண்டு. கல்லாவில் தொடங்கி சூப்பர்வைசர், துறை மேலாளர், கிளை மேலாளர், வட்டார மேலாளர் என்று ஏறலாம். தலைமை அலுவலகத்தில் கொள்முதல் பக்கமும் போகலாம்.

ஏறுகிறவருக்கும் நின்றுவிடுகிறவருக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஒன்றுதான். கடையில் உள்ள சரக்கு அத்தனையும் பணம். அது எந்த வாசலில் வருகிறது, எந்த அலமாரியில் தேங்குகிறது, எந்த ஓட்டையில் கசிகிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவரிடம்தான் கடைச் சாவியைக் கொடுப்பார்கள். ஆகவே எந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு நிபந்தனை வையுங்கள்: படிக்கும்போதே கடைக்குள் நிற்க வேண்டும்.

எந்த வாசலில் நுழைவது

பள்ளியிலிருந்தே தொடங்குவோம். பத்தாம் வகுப்பில் பாடம் தேர்ந்தெடுக்கும்போது கணக்கியல் எடுக்க முடிந்தால் எடுங்கள். கணிதம் கடினமாக இருந்தால் கணித எழுத்தறிவு போதும் என்று பல டிப்ளமாக்கள் ஏற்றுக்கொள்ளும், ஆனால் அதில் அதிக சதவீதம் கேட்பார்கள். மெட்ரிக் சான்றிதழில் எந்த வகைத் தேர்ச்சி என்பதும் முக்கியம். நான்கு பாடங்களில் 40 சதவீதம் இருந்தால் டிப்ளமா தேர்ச்சி, நான்கில் 50 இருந்தால் பட்டப்படிப்புத் தேர்ச்சி. டிப்ளமா தேர்ச்சியை வைத்துக்கொண்டு பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்து ஒரு வருஷத்தை வீணாக்குகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

நம் குவாசுலு நடால் மாகாணத்தில் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு நேராக விண்ணப்பிப்பதில்லை. மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாகத்தான் போக வேண்டும். பெரும்பாலான படிப்புகளுக்குக் கடைசித் தேதி செப்டம்பர் 30. அதற்குப் பின் கட்டணம் கூடும், இடம் குறையும். டிப்ளமா என்பது தேசியத் தகுதிச் சட்டகத்தில் 6ஆம் நிலை, 360 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது பத்து மணி நேர உழைப்பு. 360 கிரெடிட்டுக்கு 3,600 மணி நேரம் ஆகும், மூன்று வருஷத்தில் முடிக்கலாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 350,000 ரேண்டுக்குள் இருந்தால் அரசின் மாணவர் நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். அந்த உதவி அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் அரசுத் தொழிற்கல்லூரிகளுக்கும் மட்டும்தான். தனியார் கல்லூரியில் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டு, பிறகு உதவி வரும் என்று காத்திருக்காதீர்கள்.

அரசுத் தொழிற்கல்லூரிகளில் வணிகப் பிரிவு என்-4, என்-5, என்-6 என்று ஓடும். ஒவ்வொன்றும் ஆறு மாதம். ஆக வகுப்பு 18 மாதம். அதன் பிறகு துறை சார்ந்த வேலையில் 18 மாத அனுபவம் காட்டினால்தான் தேசிய என்-டிப்ளமா கையில் வரும். இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். என்-6 முடித்த கையோடு வேலை தேடாமல் இருந்து, மூன்று வருஷம் கழித்தும் டிப்ளமா இல்லாமல் நிற்பார்கள். என்-5 படிக்கும்போதே வார இறுதி வேலைக்கு ஏதாவது ஒரு கடையில் பெயரைக் கொடுத்து வையுங்கள்.

மூன்றாவது வழி லேர்னர்ஷிப். வேலையும் படிப்பும் ஒன்றாக, பெரும்பாலும் 12 மாதம். மாணவர், முதலாளி, பயிற்சி நிறுவனம் மூவரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவார்கள். மாத உதவித்தொகை உண்டு. மொத்த, சில்லறை வணிகத் துறைக்கென்று இருக்கும் சீட்டா (துறைவாரிப் பயிற்சி ஆணையம்) இதை மேற்பார்வை செய்கிறது. இதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஆண்டுச் சம்பளப் பட்டியல் 500,000 ரேண்டைத் தாண்டுகிற ஒவ்வொரு முதலாளியும் அதில் ஒரு சதவீதத்தைத் திறன் வளர்ச்சி வரியாகக் கட்டுகிறார். பயிற்சித் திட்டத்தை ஏப்ரல் 30க்குள் சமர்ப்பித்தால் அந்த வரியில் 20 சதவீதம் அவருக்கே திரும்பக் கிடைக்கும். எனவே ஏற்கெனவே கடையில் வேலை பார்க்கிறவர் ஜனவரி, பிப்ரவரியிலேயே மேலாளரிடம் போய், "இந்த வருஷப் பயிற்சித் திட்டத்தில் என் பெயரைச் சேர்க்க முடியுமா?" என்று கேட்க வேண்டும். மே மாதம் கேட்டால், "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்ற பதில்தான் கிடைக்கும்.

லேர்னர்ஷிப்புக்கு முன்பணம், பதிவுக் கட்டணம், சீருடைக் காசு என்று யாராவது கேட்டால் அங்கேயே விலகிவிடுங்கள். உண்மையான லேர்னர்ஷிப்பில் அவர்கள்தான் உங்களுக்குப் பணம் தருவார்கள்.

ஒரு கல்லூரியில் சேருமுன் இரண்டு விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: அந்தப் படிப்பின் சாக்வா (தேசியத் தகுதிகள் ஆணையம்) பதிவு எண், தொழில் தகுதிகளுக்கான தரக் குழுவின் அங்கீகாரக் கடிதம். பழைய சீட்டா தகுதிகளில் புதிதாகச் சேருவதற்கான கடைசி நாள் 2024 ஜூன் 30 அன்றே முடிந்துவிட்டது. அவற்றின் இடத்தில் இப்போது தொழில்சார் சான்றிதழ்கள் வந்திருக்கின்றன. இவற்றில் பாட அறிவு, செய்முறை, பணியிட அனுபவம் என்று மூன்று பகுதி. மூன்றும் முடிந்த பிறகு வெளியிலிருந்து வைக்கும் இறுதித் தேர்வு. பழைய பாடத்திட்டத்தைப் புதுப் பெயரில் விற்கிற இடங்களில் மாணவர் எல்லாம் முடித்த பிறகும் இந்த இறுதித் தேர்வு எழுத முடியாமல் போய்விடும்.

எதை எடுப்பது? வீட்டில் மூன்று வருஷம் தாங்க முடியும் என்றால் பல்கலைக்கழக டிப்ளமா. கொள்முதல், திட்டமிடல் பக்கம் போகிறவருக்கு அதுவே சரி. மிஸ்டர் பிரைஸ் கடைச் சங்கிலியின் தலைமை அலுவலகம் டர்பனிலேயே இருப்பதால், அந்த வகை வேலைக்காக ஜோகன்னஸ்பர்க்குக்கு மூட்டை கட்ட வேண்டிய அவசியம் இல்லை. உடனே சம்பாதிக்க வேண்டிய நிலை என்றால் லேர்னர்ஷிப்பில் நுழைந்து, வேலையில் நிலைத்த பிறகு யுனிசா பல்கலைக்கழகத்தில் தொலைதூரத்தில் மேற்படிப்பைத் தொடரலாம். குடும்பக் கடையை எடுத்து நடத்தப் போகிற பிள்ளையையும் முதல் இரண்டு வருஷம் வெளிக் கடையில் வேலை செய்ய அனுப்புங்கள். அப்பாவின் கடையில் தப்புக் கணக்கைத் திருத்தச் சொல்ல ஆள் இருக்காது.

முதலில் படிக்க வேண்டியது: ஒரு பொட்டலத்தின் விலை

பாடப்புத்தகத்தில் மார்க்-அப், மார்ஜின் என்ற இரண்டு சொற்கள் அடுத்தடுத்து வரும். தேர்விலும் வேலையிலும் அதிகம் குழப்புவது இவைதான். மார்க்-அப் என்பது அடக்க விலையின் மேல் ஏற்றும் சதவீதம். மார்ஜின் என்பது விற்பனை விலையில் லாபத்தின் சதவீதம். விற்பனை விலை என்றால் வாட் (மதிப்புக் கூட்டு வரி) நீக்கியது.

ஒரு மசாலாப் பொட்டலம் வாட் இல்லாமல் 40 ரேண்டுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 சதவீத மார்ஜின் வேண்டும். 40ஐ 0.8ஆல் வகுத்தால் 50. அதன் மேல் 15 சதவீத வாட் சேர்த்தால் 57.50. அலமாரியில் 57.99 என்று ஒட்டலாம்.

புதியவர் செய்கிற முதல் தவறு, 40இன் மேல் 20 சதவீதம் ஏற்றி 48, அதன் மேல் வாட் சேர்த்து 55.20 என்று போடுவது. அப்போது மார்ஜின் 16.7 சதவீதம்தான். இரண்டாவது தவறு இன்னும் மோசம்: அந்த 48ஐயே அலமாரி விலையாக ஒட்டிவிடுவது. 48இலிருந்து வாட்டை நீக்கினால் 41.74. லாபம் 1.74, மார்ஜின் நான்கு சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். கடை நிறையக் கூட்டம், மாதக் கடைசியில் கையில் பணம் இல்லை என்கிற கடைகளில் இந்த வகைத் தவறு எங்காவது ஒளிந்திருக்கும்.

பூஜ்ய வாட் பொருட்களைத் தனியாகப் பாடம் செய்யுங்கள். அரிசி, காய்ந்த பருப்பு வகைகள், சோள மாவு, பழுப்பு ரொட்டி, முட்டை, பால், சமைக்காத காய்கறி, பழம், சமையலுக்கான தாவர எண்ணெய் எல்லாம் இதில் வரும். ஆலிவ் எண்ணெய் வராது. வெள்ளை ரொட்டி வராது, ஆனால் வெள்ளை ரொட்டி மாவும் கேக் மாவும் 2019 முதல் வருகின்றன. நம் வீடுகளில் வாங்குகிற மூட்டைச் சரக்கில் பாதி இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. துவரம் பருப்பைக் கணினியில் தவறாக 15 சதவீதப் பிரிவில் பதிந்துவிட்டால், 30 ரேண்ட் பொட்டலம் ஒவ்வொன்றுக்கும் 3.91 ரேண்ட் காரணமில்லாமல் வரிக்கணக்கில் போகும். அடக்க விலை சரி, விற்பனை விலை சரி, லாபம் மட்டும் காணோம் என்று பல மாதம் தேடுவார்கள்.

அடுத்தது சரக்குச் சுழற்சி. ஓர் ஆண்டில் விற்ற சரக்கின் அடக்கம் 60 லட்சம் ரேண்ட், சராசரிக் கையிருப்பு 5 லட்சம் என்றால் சரக்கு 12 முறை சுழல்கிறது. அதாவது ஒரு பொருள் சராசரியாக ஒரு மாதம் கடையில் கிடக்கிறது. இதை மொத்தக் கடைக்கும் பார்த்து நிறுத்தாமல் ஒவ்வொரு ரேக்குக்கும் பாருங்கள். ரொட்டிக்கு ஒரு மாதம் என்றால் பேரழிவு. பித்தளை விளக்குக்கு ஒரு மாதம் என்றால் அபாரம்.

துணிக்கடையில் வேறு எண்கள் பேசும். சனிக்கிழமை 600 பேர் உள்ளே வந்து 150 பில் விழுந்தால் நான்கில் ஒருவர் வாங்குகிறார். சராசரி பில் 220 ரேண்ட். அதே கூட்டத்தில் 180 பேரை வாங்க வைத்தால் கூடுதலாக 6,600 ரேண்ட், விளம்பரச் செலவு எதுவும் இல்லாமல். உடை மாற்றும் அறை வாசலில் ஓர் ஆள் நிற்கிறாரா, அளவுகள் எல்லாம் வெளியே இருக்கின்றனவா என்பதில்தான் இந்த வித்தியாசம் பெரும்பாலும் இருக்கும்.

பின்வாசல்

ஷ்ரிங்கேஜ், அதாவது சரக்குக் குறைவு என்றதும் எல்லாரும் திருட்டு என்று நினைப்பார்கள். முதலில் கணக்கைப் பாருங்கள். மாதத் தொடக்கத்தில் 500,000 ரேண்ட் சரக்கு, வாங்கியது 480,000, விற்றதன் அடக்கம் 460,000. ஏட்டின்படி மிச்சம் 520,000 இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் 511,000. குறைவு 9,000. அந்த மாத விற்பனை 575,000 என்றால் இது 1.57 சதவீதம். கேட்க அற்பமாக இருக்கும். எல்லாச் செலவும் போக மூன்று சதவீதம் மிஞ்சுகிற கடையில் நிகர லாபம் 17,250தான். அதில் பாதிக்கு மேல் காணாமல் போன தொகை அது.

இதில் கணிசமான பங்கு பின்வாசலில் நடக்கிற பிழை. ஒரே ஓர் உதாரணத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். 750 மில்லி எண்ணெய், பெட்டிக்கு 12 பாட்டில், 25 பெட்டி வந்திருக்கிறது. மொத்தம் 300 பாட்டில். பதிகிறவர் அவசரத்தில் 25 என்று அடிக்கிறார். கணினி 25 பாட்டில் என்று எடுத்துக்கொள்கிறது. மாலைக்குள் 40 பாட்டில் விற்கிறது. கையிருப்பு மைனஸ் 15. தானியங்கி ஆர்டர் முறை "சரக்கு இல்லை" என்று நினைத்து மேலும் 25 பெட்டி கேட்கிறது. மூன்றாம் நாள் எண்ணெய் வைக்க இடமில்லாமல் நடைபாதையில் அடுக்குவார்கள். தலைகீழாக 300 பெட்டி என்று அடித்திருந்தால் ஏட்டில் 3,600 பாட்டில், ஆர்டர் நின்றுபோகும், அலமாரி காலியாகும். ஆகவே தினமும் காலையில் மைனஸ் கையிருப்புப் பட்டியலை அச்சடித்து ஒவ்வொரு வரிக்கும் காரணம் தேடுங்கள். பத்து நிமிட வேலை. வேறு எந்த அறிக்கையும் இவ்வளவு சொல்லாது.

சரக்கு இறக்கும் வரிசை இது. லாரிக் கதவின் முத்திரை எண்ணை விநியோகச் சீட்டோடு ஒப்பிட்ட பிறகுதான் கதவைத் திறக்கலாம். குளிர்ச் சரக்கை முதலில் இறக்கி, இரண்டு பொட்டலங்களுக்கு நடுவில் வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். பால், பச்சை இறைச்சி, கோழி, மீன் 4 டிகிரிக்குள், மற்ற குளிர்ச் சரக்கு 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். எண்ணுகிறவரிடம் இன்வாய்ஸைக் கொடுக்காதீர்கள். எண்ணைப் பார்த்துவிட்டு எண்ணினால் கை தானாகவே அந்த எண்ணுக்கு வந்து நிற்கும். அவர் எண்ணிச் சொன்ன பிறகு இன்வாய்ஸோடு ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டு பெட்டிகளைப் பிரித்துத் தேதி பாருங்கள். குறைவோ உடைசலோ இருந்தால் இரண்டு பிரதிகளிலும் எழுதி, ஓட்டுநர் கையெழுத்து வாங்கி, அதற்குப் பிறகுதான் லாரியை அனுப்ப வேண்டும். லாரி போன பிறகு போன் செய்தால் கிரெடிட் நோட் (குறைந்த தொகையைக் கழித்துத் தரும் சீட்டு) வருவது கஷ்டம். காலித் தட்டுகளும் கிரேட்டுகளும் திரும்பப் போவதையும் எழுதுங்கள், அவற்றுக்கும் காசு உண்டு.

பிழை நடக்கிற நேரமும் தெரிந்ததுதான். காலை ஆறிலிருந்து எட்டு வரை ரொட்டி, பால், காய்கறி மூன்று லாரியும் ஒன்றாக வந்து நிற்கும். பின்வாசலில் ஒரே ஆள் இருப்பார். அந்த இரண்டு மணி நேரத்துக்கு இரண்டாவது ஆளை ஒதுக்குங்கள்.

உள்ளே வந்த சரக்கைப் பழையது முன்னால், புதியது பின்னால் என்று அடுக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். செய்கிறார்களா என்று பார்க்க ஒரே வழி, பால் ஃப்ரிட்ஜின் கடைசி வரிசைக்குள் கைவிட்டு ஒரு பாட்டிலை எடுத்து, முன்வரிசைத் தேதியோடு ஒப்பிடுவது. பின்னால் இருப்பது முந்தைய தேதி என்றால் அடுக்குகிறவருக்குப் பயிற்சி தேவை. கறி, சமோசா விற்கிற சூடான கவுண்டர் இருந்தால் உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. உணவு கையாள்கிற கடைக்கு 2018ஆம் ஆண்டு ஆர்-638 விதிகளின்படி நகராட்சியின் ஏற்புச் சான்றிதழ் வேண்டும். அது கடைச் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பாருங்கள். மின்சாரம் போனால் ஃப்ரீசர் மூடியைத் திறக்க விடாமல், போன நேரத்தை எழுதி ஒட்டுங்கள்.

ஆட்களை நடத்துவது

தலைமைப் பண்பு பற்றிப் பாடங்களில் நிறைய வரும். கடையில் அது முதலில் ரோஸ்டராக, அதாவது யாருக்கு எப்போது வேலை என்ற பட்டியலாகத்தான் கண்ணுக்குத் தெரியும். நான்கு கல்லா, நாளுக்குப் பத்து மணி நேரம், ஏழு நாள் என்றால் 280 மணி நேரம். சட்டப்படி ஒருவருக்கு வாரம் 45 மணி நேரம். 280ஐ 45ஆல் வகுத்தால் ஆறுக்கு மேல் வருகிறது. ஆக ஏழு பேர். ஆண்டு விடுப்பு 21 நாள், நோய் விடுப்பு எல்லாம் சேர்த்தால் எட்டாவது ஆள் இல்லாமல் சமாளிக்க முடியாது. ஆறு பேரை வைத்து ஓட்டுகிற கடையில் மேலாளரே கல்லாவில் உட்காருவார். அந்த நேரத்தில் பின்வாசலைப் பார்க்க ஆள் இருக்காது.

ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் உணவு இடைவேளை தர வேண்டும். இரண்டு ஷிப்டுக்கு நடுவில் 12 மணி நேர ஓய்வு வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு இருப்பு எண்ணி முடித்த அதே ஆளை மறுநாள் காலை ஆறு மணிக்கு வரச் சொல்கிற தவறு மாதக் கடைசியில் அடிக்கடி நடக்கும். நடுவில் ஒன்பது மணி நேரம்தான் இருக்கிறது. ஞாயிறு வேலைக்கு இரட்டைச் சம்பளம், வழக்கமாகவே ஞாயிறு வேலை செய்கிறவருக்கு ஒன்றரை மடங்கு. தேசியக் குறைந்தபட்சக் கூலி ஒவ்வொரு மார்ச்சிலும் மாறும். 2025 மார்ச் 1இல் அது மணிக்கு 28.79 ரேண்ட் ஆனது. ரோஸ்டரில் போடும் ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன செலவு என்று மனக்கணக்காகச் சொல்லத் தெரிய வேண்டும்.

கல்லாவில் 200 ரேண்ட் குறைந்தால் கேஷியரிடம் குரலை உயர்த்துமுன் மூன்று இடம் பாருங்கள்: கார்டில் கட்டியதை ரொக்கம் என்று அடித்திருக்கிறாரா, நடுவில் பாதுகாப்புப் பெட்டிக்கு எடுத்த பணம் எழுதப்படாமல் இருக்கிறதா, ரத்து செய்த பில்லுக்குச் சீட்டு இருக்கிறதா. பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் விடை கிடைக்கும். குறைந்த பணத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வது பல சிறு கடைகளில் வழக்கமாகிவிட்டது. அது சட்டப்படி சரியில்லை. எழுத்து மூலமான சம்மதம் வேண்டும், அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், பிடிக்கிற தொகை மொத்தமாக அவர் சம்பளத்தில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் 30 நாளுக்குள் சமரச ஆணையத்துக்குப் போகலாம். அங்கே போனால் கேட்கிற முதல் கேள்வி, "எச்சரிக்கை எழுத்தில் இருக்கிறதா?" என்பதுதான். வாய்மொழி எச்சரிக்கையைக்கூடத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

காலையில் கடை திறக்குமுன் பத்து நிமிடம் எல்லாரையும் நிற்க வைத்துப் பேசுங்கள். நேற்றைய விற்பனை, இன்றைய இலக்கு, இன்று கவனிக்க வேண்டிய ஒரே ஒரு பொருள். அதற்கு மேல் சொன்னால் யார் நினைவிலும் நிற்காது. திட்ட வேண்டியதைத் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள், பாராட்டை இந்தக் கூட்டத்தில் சொல்லுங்கள். புது ஆளுக்கு வேலை கற்றுத் தரும்போது சொல்லிக் காட்டி, செய்து காட்டி, அவரைச் செய்ய வைத்து, ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். இந்த நான்காவது படியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

இசிசூலு கற்றுக்கொள்ளுங்கள். டர்பனில் இதைத் தட்டிக்கழிக்கவே முடியாது. கடையில் வேலை செய்கிறவரில் பெரும்பகுதியும் வாங்க வருகிறவரில் பெரும்பகுதியும் அந்த மொழிக்காரர்கள். "சாவுபோனா" என்று பெரியவருக்கு முதலில் வணக்கம் சொல்லி, "ஙியபோங்கா" என்று நன்றி சொல்வது தொடக்கம். ஒரு வருஷத்தில் குறை கேட்கவும் வேலை விளக்கவும் வர வேண்டும். மொழிபெயர்க்க ஆளை வைத்துக்கொண்டு ஆட்களை நடத்துகிற மேலாளர் பாதிச் சேதியைத்தான் கேட்கிறார்.

கவுண்டரில் வரும் சண்டை

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண். முழுவதும் மனப்பாடம் வேண்டாம். இரண்டு விஷயம் தினமும் வரும். ஒரே பொருளுக்கு அலமாரியில் ஒரு விலை, கல்லாவில் ஒரு விலை என்றால் குறைந்த விலைதான் வாங்க வேண்டும். ஆகவே சலுகை முடிந்த இரவே பழைய விலைச்சீட்டைக் கழற்ற ஆள் வையுங்கள். பழுதான பொருளை ஆறு மாதத்துக்குள் கொண்டுவந்தால் ரிப்பேரா, மாற்றா, பணமா என்று தேர்ந்தெடுப்பது வாடிக்கையாளர். "பணம் திருப்பித் தரமாட்டோம்" என்று சுவரில் ஒட்டியிருந்தாலும் பழுதான பொருளுக்கு அது செல்லாது. பொருள் நன்றாக இருந்து மனம் மாறியதால் திருப்பித் தந்தால், அது கடையின் சொந்த விதிப்படி.

நம் வட்டாரத்தின் நாட்காட்டி

இது எந்தக் கல்லூரிப் பாடத்திலும் இல்லை. நம் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிடச் சாதகமான இடமும் இதுதான். ஆர்டர் போடும் கணினி சென்ற ஆண்டின் அதே வாரத்தைப் பார்த்துத்தான் கணிக்கும். தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2025இல் அக்டோபர் 20. சென்ற ஆண்டு வாரத்தை நம்பினால் நெய்யும் இனிப்பு மாவும் பண்டிகை முடிந்த பிறகு வந்து சேரும். புரட்டாசி அப்படியில்லை. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை என்று ஏறக்குறைய அதே நாட்களில் வரும். அந்த மாதம் முழுக்க இறைச்சி தொடாத வீடுகள் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் ஏராளம். இறைச்சிப் பிரிவின் ஆர்டரைக் குறைத்து, காய்கறி, பருப்பு, கொத்தமல்லி இடத்தை விரிக்க வேண்டும். ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வாரங்களில் சோள மாவு மூட்டையாகப் போகும்.

இவற்றின் மேல் மாதச் சுழற்சி ஒன்று ஓடுகிறது. மாதத்தின் முதல் நாட்களில் அரசு உதவித்தொகை, 25ஆம் தேதி வாக்கில் சம்பளம். அந்த நாட்களில் பெரிய பொட்டலம், மாத நடுவில் சிறு பொட்டலம். பத்து கிலோ அரிசியை 15ஆம் தேதி முன்வரிசையில் அடுக்கி வைத்தால் அது அப்படியே நிற்கும்.

வேலைக்கான நேர்காணலில் "எங்கள் கிளையைப் பார்த்தீர்களா?" என்று கேட்பார்கள். முந்தின நாள் போய் ஒரு மணி நேரம் சுற்றுங்கள். காலியாக இருந்த மூன்று இடம், விலைச்சீட்டு இல்லாத இரண்டு பொருள், வரிசையில் நின்ற நேரம் என்று குறித்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். குறை சொல்கிற தொனி வேண்டாம், கவனித்ததைச் சொல்கிற தொனி போதும்.

சேர்ந்த நாளிலிருந்து ஒரு கோப்பு திறந்து வையுங்கள். நீங்கள் போட்ட ரோஸ்டர், எண்ணிய இருப்புத் தாள், அனுமதியோடு எடுத்த அலமாரியின் முன்-பின் படங்கள், பயிற்சி கொடுத்த ஆட்களின் கையெழுத்து எல்லாம் அதில் போகட்டும். என்-டிப்ளமாவின் 18 மாதத்துக்கும், தொழில்சார் சான்றிதழின் பணியிடப் பகுதிக்கும், முன் அனுபவத்தைத் தகுதியாக ஏற்கச் சொல்லி விண்ணப்பிப்பதற்கும் இதைத்தான் கேட்பார்கள். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் பணிப்பதிவேட்டில் மேற்பார்வையாளரின் கையெழுத்தும் தேதியும் வாங்கிவிடுங்கள். கையெழுத்து இல்லாத பக்கத்தை எந்த மதிப்பீட்டாளரும் ஏற்பதில்லை. வருஷக் கடைசியில் மொத்தமாக வாங்கலாம் என்று விட்டால், அதற்குள் அந்த மேற்பார்வையாளர் வேறு கிளைக்கு மாறிப் போயிருப்பார்.